ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்றை அடக்குவது எப்படி: டெல்டாவில் புதிதாக பைக்கில் தூரம் போகிறவர்களுக்கு

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் எண்பதில் போய் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் நிற்கிறதா? டீக்கடையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறதா? கழுத்தின் பின்பக்கம் மூட்டை தூக்கியது போல வலிக்கிறதா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். நான் வாரத்தில் ஆறு நாள் தஞ்சாவூரிலிருந்து துவாக்குடிப் பக்கம் வேலைக்கு பைக்கில் போய் வருகிறேன். முதல் ஒன்றரை வருஷம் இதையெல்லாம் "பைக் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது.

என் அப்பா நெல் அரவை மில்லில் வேலை பார்த்தவர். இப்போது அவரிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும், பேரப்பிள்ளையின் மழலை அவருக்குச் சுத்தமாகக் கேட்பதில்லை. மில்லின் சத்தம் காதைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற காற்றுச் சத்தமும் அதே அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும் போகும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது வேலை செய்கிற இடங்களின் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) அமைப்பு வைத்திருக்கும் கணக்கு. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் முழு ஹெல்மெட்டுக்குள்ளேயே 95, 100 டெசிபல் வருவது சாதாரணம். திருச்சி போகிற வழியில் இருக்கிற செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. உள்காதில் இருக்கும் மெல்லிய முடி போன்ற செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்று உங்களுக்கு இரண்டு வேறு தொல்லை கொடுக்கிறது. ஒன்று இரைச்சல். இன்னொன்று அடி, அதாவது யாரோ ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்து வேகமாக உலுக்குகிற மாதிரி தலை ஆடுவது, பார்வையே அதிர்ந்து எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட் மங்கலாகத் தெரிவது. இரைச்சலுக்குப் பெரும்பாலும் காதிலும் கழுத்திலும் ஹெல்மெட்டிலும் வைத்தியம். அடிக்கு வண்டியின் முன்பக்கத்தில் வைத்தியம். இதைப் பிரிக்காமல் கடைக்குப் போனால் இரைச்சலுக்காக விண்ட்ஷீல்டு (வண்டியின் முன்னால் மாட்டுகிற காற்றுத் தடுப்பு) வாங்கி மாட்டிவிட்டு, இல்லாத அடியையும் சேர்த்து வாங்கி வருவீர்கள். எனக்கு நடந்தது அதுதான், பின்னால் சொல்கிறேன்.

காதிலிருந்து ஆரம்பியுங்கள்

எல்லாவற்றையும் விட மலிவானது, எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தருவது இயர் பிளக்தான். மருந்துக்கடையிலோ, தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையிலோ மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் ஸ்பாஞ்சு மாதிரி சின்ன உருளையாக இருக்கும். பாக்கெட்டில் 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள், ஆனால் சரியாகப் போடாவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. போட்டுப் பார்த்து "ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் தக்கை மாதிரி காதின் வாசலில் சொருகி வைத்திருப்பார்கள்.

சரியான முறை இது. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நடுவே வைத்து, விளக்குத்திரி திரிப்பது போல மெதுவாக உருட்டிக்கொண்டே வாருங்கள். மடிப்பு விழாமல் ஒல்லியாக, பென்சில் மாதிரி ஆக வேண்டும். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காதின் மேல்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். இழுத்தால்தான் உள்ளே போகிற வழி நேராகும். உடனே திரித்ததை உள்ளே விட்டு, விரலால் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுங்கள். அவசரப்பட்டு விரலை எடுத்தால் அது விரியும்போது வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். முப்பது எண்ணுவதற்குள் அது மெதுவாக விரிந்து தெருச்சத்தம் தூரமாகப் போவது உங்களுக்கே தெரியும். "ம்ம்ம்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே முழங்கினால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முழங்கினால், சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஹார்ன் கேட்காதே?" என்று எல்லாரும் கேட்பார்கள். வேகமாகப் போகும்போது ஹார்னை மறைப்பது பிளக் இல்லை, காற்றின் இரைச்சல். பிளக் இரண்டையும் சேர்த்தே குறைக்கிறது, ஆனால் காதை அமுக்கிக்கொண்டிருந்த இரைச்சல் இறங்கியதும் பின்னால் வரும் பஸ்ஸின் ஹார்ன் தனியாகப் பிரிந்து கேட்கும். நான் போட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே இது தெரிந்தது. கும்பகோணம் மகாமகக் குளம் சுற்றுகிற மாதிரி ஊருக்குள் இருபது முப்பதில் போவதற்கு இது தேவையில்லை, கழற்றி வையுங்கள். நெடுஞ்சாலைக்கு மட்டும் போதும்.

பஞ்சு வைக்காதீர்கள். பஞ்சு இந்தச் சத்தத்தைத் தடுக்காது, எடுக்கும்போது உள்ளே பிசிறு தங்கும். ஸ்பாஞ்சு பிளக் அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். கழுவிக் கழுவிப் போட வேண்டுமென்றால் சிலிக்கான் வகை வாங்கலாம். காதில் சீழ், வலி, நிறைய குறும்பி இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம்தான் இதெல்லாம். இன்னொன்று, ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்து, காற்றுச் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றுகிறார்களே, அது எரிகிற வைக்கோற்போரில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது கழுத்து

ஹெல்மெட்டுக்குள் சத்தம் முன்னால் இருந்து வருகிறது என்றுதான் நினைப்போம். பெரும்பகுதி கீழே இருந்து, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கிற திறப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. இதை ஓடும் வண்டியிலேயே சோதிக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், அறுபதில், தாடையை நெஞ்சுப் பக்கமாகக் கொஞ்சம் இறக்கி, இரண்டு தோளையும் காதை நோக்கித் தூக்குங்கள். சத்தம் பாதியாக விழுந்தது போல இருந்தால் உங்கள் பிரச்சினை அந்தத் திறப்புதான்.

இதற்குச் செலவில்லாத மருந்து நம்மிடமே இருக்கிறது, பருத்தித் துண்டு. ஈரிழைத் துண்டாக இருந்தால் நல்லது, மெத்தென்று காற்றைப் பிடிக்கும், வியர்வையையும் குடிக்கும். நீளவாக்கில் நான்காக மடித்து, கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி, நுனிகள் இரண்டையும் சட்டைக்குள்ளோ ஜாக்கெட்டுக்குள்ளோ நன்றாகச் சொருகி விடுங்கள். ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு துண்டின் மேல் லேசாகப் பட்டும் படாமலும் உட்கார வேண்டும். தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், தோளுக்குப் பின்னால் பார்க்க இடைஞ்சலாக இருந்தால் ஒரு மடிப்பைக் குறையுங்கள். நுனி வெளியே பறந்தால் செயினிலும் சக்கரத்திலும் சிக்கும் என்பதை மறக்கவே கூடாது, பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவுக்கும் முந்தானைக்கும் இதே விதிதான். சித்திரை வெயிலில் துண்டு சூடாக இருக்குமே என்றால், நனைத்துப் பிழிந்து சுற்றுங்கள், இருபது நிமிஷம் சுகமாகப் போகும்.

சில ஹெல்மெட்டுகளில் தாடைக்குக் கீழே மாட்டுகிற துணித் திரை கூடவே வரும், பெட்டியிலேயே போட்டு வைத்திருப்பீர்கள். எடுத்து மாட்டுங்கள்.

ஹெல்மெட் உங்கள் தலைக்குத்தானா?

தொளதொளவென்று இருக்கிற ஹெல்மெட்டுக்கு வேறு எந்த வைத்தியமும் பலிக்காது. பாதி ஹெல்மெட், முகம் திறந்த ஹெல்மெட் போடுகிறவர்கள் இந்தக் கட்டுரையில் எதைச் செய்தாலும் முழு ஹெல்மெட்டின் அமைதி வராது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தையல்காரரின் அளவு நாடாவால் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உள்ளே மில்லிமீட்டரில் அளவு போட்டிருக்கும். எம், எல் என்கிற எழுத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஐஎஸ்ஐ முத்திரையும், ஹெல்மெட்டுக்கான தர எண்ணான ஐஎஸ் 4151-ம் இருக்கிறதா பாருங்கள்.

போட்டு வாரை மாட்டிய பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். உங்கள் கன்னச் சதையும் கூடவே நகர வேண்டும். பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கினால் கழன்று வரவே கூடாது. புதிதில் கன்னம் உப்பி, பேசும்போது உள்கன்னத்தைக் கடிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருப்பது சரிதான், ஒரு மாதத்தில் பஞ்சு தளர்ந்துவிடும். ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால் அது உங்கள் தலை வடிவத்துக்கு ஆகாது. கடையில் பதினைந்து இருபது நிமிஷம் போட்டுக்கொண்டே நில்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, உங்கள் காசு. பழைய ஹெல்மெட் தளர்ந்திருந்தால் கன்னப் பஞ்சை மட்டும் கொஞ்சம் தடிமனாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது.

இரைச்சலோடு கூடவே 'உய்ய்' என்று விசில் கேட்டால் அது வேறு கதை. வைசர் கடைசிக் கிளிக் வரை மூடுகிறதா, அதன் ரப்பர் ஓரம் காய்ந்து வெடித்திருக்கிறதா பாருங்கள். நெற்றியில் இருக்கும் காற்றுத் துளை, தாடைத் துளை, வைசர் பக்கவாட்டுக் கீல் மூடி, இந்த மூன்றில் ஒவ்வொன்றாகக் காகித டேப் ஒட்டி ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் எது ஊதுகிறது என்று பிடிபட்டுவிடும். வாரின் மிச்ச நுனி காற்றில் படபடவென்று ஹெல்மெட்டில் அடிக்கும், மடித்துச் சொருகுங்கள். ஹெல்மெட்டில் துளை போடுவது, உள்ளே இருக்கிற தெர்மாகோலைச் செதுக்குவது, பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. விழுந்தால் உயிரைக் காப்பாற்ற வேண்டிய பொருள் அது.

தலை ஆட்டம்

இப்போது அடிக்கு வருவோம். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு ஏதாவது ஒரு ஆற்றுப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். தூணுக்கு முன்னால் தண்ணீர் ஒரே சீராக வரும். தூணைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சுழி சுழியாகக் கிளம்பி, நடுவில் மாட்டிய ஆகாயத்தாமரை ஒன்று அங்கேயே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். விண்ட்ஷீல்டு அந்தத் தூண். ஆகாயத்தாமரை உங்கள் தலை.

சீரான காற்று எவ்வளவு வேகமாக வந்தாலும் தலையைப் பின்னால் தள்ளுமே தவிர உலுக்காது. உலுக்குவது, விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பில் உடைந்து சுழியாகி வருகிற காற்றுதான். முன்னால் விண்ட்ஷீல்டே இல்லாத வண்டியில் சத்தம் இருக்கும், நெஞ்சில் காற்று தள்ளும், ஆனால் தலை ஆடாது. நான் ஆசைப்பட்டு உயரமான விண்ட்ஷீல்டு மாட்டிய முதல் நாள் வல்லம் தாண்டுவதற்குள் கண்ணே அதிர ஆரம்பித்துவிட்டது. விற்ற கடையில் கேட்டதற்கு இன்னும் உயரமானது வாங்குங்கள் என்றார்கள். கீழவாசல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன்தான், "நாலு போல்டு தம்பி, கழட்டி பைக்குள்ள போட்டுட்டு ஒரு நடை போயிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். கழற்றிவிட்டு ஓட்டினேன். பிளக் காதில் இருந்ததால் இரைச்சலும் தொல்லையில்லை, தலையும் அசையவில்லை. இன்றுவரை என் வண்டியில் விண்ட்ஷீல்டு கிடையாது.

உங்களுக்கும் அதேதான் பதில் என்று சொல்ல மாட்டேன். உயரம், வண்டி, உட்காரும் விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். காலை ஆறு மணிக்குக் காற்று படுத்திருக்கும் நேரத்தில், காலி ரோட்டில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இதைப் பாருங்கள்:

- இருக்கையிலிருந்து ஒரு சாண் எழுந்து நில்லுங்கள். ஆட்டம் சட்டென்று நின்று, சுத்தமான காற்று முகத்தில் அடித்தால், விண்ட்ஷீல்டு உங்களுக்கு அளவுக்கு மீறிய உயரம் அல்லது கோணம் தப்பு.
- அதேபோல உடம்பைக் குனிந்து தலையைத் தாழ்த்துங்கள். அப்போது அமைதி வந்தால், விண்ட்ஷீல்டு உங்களுக்குப் பற்றாது.
- இரண்டிலும் மாற்றமில்லை என்றால் காற்று கீழே இருந்து, டாங்குக்கும் முன் ஃபோர்க்குக்கும் நடுவிலிருந்து மேலே ஏறுகிறது. ஹேண்டிலில் இருக்கும் பக்கக் கண்ணாடிகளும் இதைச் செய்யலாம்.

இன்னும் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால், நாலு விரல் நீளத்துக்குக் கம்பளி நூல் துண்டுகளை விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பிலும் ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நண்பரை இன்னொரு வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்து, பக்கவாட்டிலிருந்து தூரம் விட்டு செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல் நேராகப் பின்னால் படிந்திருந்தால் காற்று சீர். சுழன்று, மேலே எழும்பி, சில சமயம் முன்னால்கூட வளைந்தால் அங்கேதான் சுழி.

விண்ட்ஷீல்டு வேண்டும் என்று முடிவானால் அதன் மேல் விளிம்பு உங்கள் மூக்கு, வாய் மட்டத்தில் வருவது நல்ல தொடக்கம். அதன் வழியாக இல்லாமல் அதற்கு மேலாக ரோட்டைப் பார்க்க முடிய வேண்டும். அறுப்புக் காலத்தில் சாயங்காலம் வயல் பூச்சி வந்து அப்பிக்கொண்டால், மழையில் எதிர் லாரி விளக்கு அடித்தால், வழியாகப் பார்க்கிறவருக்கு ரோடே தெரியாது. ஆட்டம் இருந்தால் உடனே வேறு வாங்காமல், போல்டில் வாஷர் வைத்து ஒன்று இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் பாருங்கள், கீழ்ப்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள். விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து வெற்றிடம் போல ஆவதால்தான் மேலே போகிற காற்று உங்கள் மேல் கவிழ்கிறது. கீழே இருந்து கொஞ்சம் காற்று உள்ளே நுழைந்தால் அது சரியாகிவிடும். எதை மாற்றினாலும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எதிலும் இடிக்கவில்லை, வயர் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான்.

நம்ம ஊர்க் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, திருச்சியைத் தாண்டி டெல்டாவுக்குள் வீசும். அந்த மாதங்களில் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போவது எதிர்க்காற்றில், திரும்புவது காற்றோடு. ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது எதிர்க்காற்று 30 என்றால் உங்கள் ஹெல்மெட்டைப் பொறுத்தவரை வேகம் 100. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 70-க்கும் 100-க்கும் நடுவே அது இரண்டு மடங்காகிவிடுகிறது. இதனால்தான் காலையில் தாங்க முடியாத ஹெல்மெட் சாயங்காலம் நல்லதாகத் தெரிகிறது. எந்த மாற்றத்தையும் போகும்போதும் வரும்போதும் சோதித்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். எதிர்க்காற்று நாளில் பத்து கிலோமீட்டர் குறைத்து ஓட்டுவதைப் போன்ற வைத்தியம் வேறில்லை, துவாக்குடிக்கு எனக்கு அதனால் ஆறேழு நிமிஷம்தான் கூடுகிறது.

பக்கக் காற்றுக்குப் பாலங்களைக் கவனியுங்கள். நம் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன, மேல்காற்றும் ஆற்றோடு அப்படியே வரும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் தாண்டுகிறீர்கள். ஒவ்வொரு பாலத்திலும் வீடும் மரமும் முடிந்த அந்த இடத்தில் இடப்பக்கத்திலிருந்து காற்று வந்து தள்ளும், பாலம் முடிந்ததும் சட்டென்று விட்டுவிடும். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். முழங்காலால் டாங்கை இறுக்கி, கையைத் தளர்த்துங்கள். பயத்தில் ஹேண்டிலை இறுக்கினால் காற்று உங்கள் உடம்புக்குக் கொடுக்கிற ஆட்டமெல்லாம் கை வழியாகச் சக்கரத்துக்குப் போய்விடும்.

வைக்கோல் லாரியையோ பஸ்ஸையோ முந்தும்போதும் இதேதான். அதன் மறைவில் இருக்கும்வரை காற்றே இருக்காது, தலையை நீட்டியதும் மொத்தமாக அடிக்கும். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதும் வேண்டாம், அதன் சுழி முழுவதும் உங்கள் மேல்தான். கொஞ்சம் பின்தங்கி, ரோடு நன்றாகத் தெரிந்த பிறகு முந்துங்கள். வைசரை மூடியே வையுங்கள், ஒரு வைக்கோல் தூசு போதும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றி, பிளக்கை மெதுவாகத் திருகி எடுத்து, அமைதியான இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். காதில் ரீங்காரம் இருக்கிறதா? இருந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை, அல்லது அன்றைய வேகம் அதிகம். மறுநாள் காலையிலும் அது போகவில்லை என்றால், அல்லது ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தால், தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் கேட்கும் திறன் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். ஒரு அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்னச் சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று நானும் அதைச் செய்துகொண்டேன். அந்தத் தாள் இன்னும் வண்டி ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறேன், வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.